அடுத்த ஜூனில் ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்ட, இந்த மே மாதமே தொடங்குங்கள்

வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் மகள் ப்ளஸ் டூ பாஸாகிவிட்டாள். கல்லூரியில் 25,000 கேட்கிறார்கள், புதன்கிழமை கடைசி நாள். இந்தக் கேள்வி வாசலுக்கு வரும்போது பெரும்பாலும் மாதக் கடைசியாக இருக்கும். மனம் இருந்தாலும் கையில் இருப்பது ஆயிரமோ இரண்டாயிரமோதான். அதைக் கொடுத்து அனுப்பினால், மீதிக்கு அவர் ஐந்து வட்டிக்குப் போவார். 25,000 ரூபாய்க்கு ஐந்து வட்டி என்றால் மாதம் 1,250. ஒரு வருடத்தில் 15,000 ரூபாய் வட்டியாகவே போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும்.

மாதம் 2,000 ரூபாயைப் பன்னிரண்டு மாதம் தனியே எடுத்துவைத்திருந்தால் அந்தக் கடனுக்கே வேலை இல்லை. அதை எப்படித் தொடங்குவது, எங்கே போடுவது, கட்டும்போது எங்கே இடறும் என்பது கீழே. கல்லூரிக் கட்டணத்தை வைத்து எழுதியிருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்கோ கல்யாணத்துக்கோ உதவ நினைப்பவர்களுக்கு 4, 5, 6 ஆகிய படிகள் அப்படியே பொருந்தும்.

1. முதலில் உங்கள் கடனைப் பாருங்கள்

கிரெடிட் கார்டு பாக்கி ஒரு ரூபாய் இருந்தாலும் இதைத் தொடங்க வேண்டாம். கார்டு பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீத வாக்கில் வட்டி ஓடுகிறது. மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டிச் சேர்க்கும் ஆர்டி (தொடர் வைப்பு) தருவது வருடத்துக்கு ஆறு ஏழு சதவீதம். பாக்கியை அடைத்துவிட்டு வாருங்கள்.

வீட்டுச் செலவு மூன்று மாதத்துக்காவது சேமிப்புக் கணக்கில் தனியாக இருக்கட்டும். இது இல்லாமல் தொடங்கியவர்கள் ஏழாவது எட்டாவது மாதம் வண்டி ரிப்பேருக்கோ பல் வைத்தியத்துக்கோ ஆர்டியை உடைப்பதுதான் வழக்கம். நகையை அடகு வைத்து அடுத்தவருக்கு உதவுகிறவர்களும் இருக்கிறார்கள். பாராட்டத் தோன்றும், ஆனால் மீட்க முடியாமல் நகை ஏலத்துக்குப் போனால் உதவி பெற்ற குடும்பத்தோடு இருந்த உறவும் சேர்ந்து போகும்.

2. எவ்வளவு, யாருக்கு, எத்தனை வருடம்

தொகையை மனக்கணக்கில் போடாதீர்கள். போன வருடம் யார் யாருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று யூபிஐ ஸ்டேட்மெண்டைப் பாருங்கள். கோயில் வசூல், தெரிந்தவர் அனுப்பிய சிகிச்சை நிதி லிங்க், அலுவலகத்தில் ஒருவருக்குச் சேர்த்தது என்று நூறு ஐநூறாகப் போனதைக் கூட்டினால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அதில் பாதியைத் திருப்பிவிட்டாலே ஆர்டிக்குப் பாதித் தவணை வந்துவிடும்.

அதைவிட முக்கியமான முடிவு, ஒருவருக்கு மூன்று வருடமா, மூன்று பேருக்கு ஒவ்வொரு வருடமா என்பது. என் பரிந்துரை ஒருவருக்கே மூன்று வருடம். முதல் வருடக் கட்டணத்துக்கு உதவ நாலு பேர் வருவார்கள். பரீட்சை ரிசல்ட் வந்த சூடு இருக்கும். இரண்டாம் வருட ஜூனில் யாரும் நினைப்பதில்லை. நடுவில் நின்றுபோன பிஎஸ்சிக்கு வேலைச் சந்தையில் மதிப்பு ஏதும் கிடையாது, கட்டிய முதல் வருடப் பணமும் வீண். மூன்று வருடத்துக்குத் தாங்காது என்று தோன்றினால் தொகையைக் குறையுங்கள், வருடங்களைக் குறைக்காதீர்கள். முழுக் கட்டணத்துக்குப் பதிலாகப் பஸ் கட்டணத்தை மட்டும் மூன்று வருடமும் ஏற்றுக்கொள்ளலாம்.

கொடையா கைமாற்றா என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். இந்தக் கணக்கிலிருந்து போவது திரும்பி வராது என்று வைத்துக்கொள்வது நல்லது. "முடிஞ்சப்போ குடுங்க" என்று சொல்லிக் கொடுப்பது இரண்டுங்கெட்டான். அவர்கள் உங்கள் தெருவில் வரவே கூசுவார்கள், நீங்களும் ஒவ்வொரு தீபாவளிக்கும் எதிர்பார்ப்பீர்கள்.

3. தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ முடிவுகள் வழக்கமாக மே முதல் பாதியில் வருகின்றன. கலை, அறிவியல் கல்லூரிச் சேர்க்கை மே இறுதியிலும் ஜூனிலும் நடக்கும். பொறியியல் கலந்தாய்வு ஜூலை, ஆகஸ்ட் வாக்கில். இடம் ஒதுக்கியபின் உறுதி செய்து சேர்வதற்குக் கொடுக்கும் அவகாசம் சில நாள்களே. ஆகவே பணம் மே மாதத்திலேயே கைக்கு வந்துவிட வேண்டும்.

பன்னிரண்டு மாத ஆர்டியில் கடைசித் தவணைக்கும் முதிர்வுக்கும் ஒரு மாத இடைவெளி உண்டு. மே 5-ம் தேதி தொடங்கினால் பன்னிரண்டாவது தவணை ஏப்ரல் 5-ல், பணம் அடுத்த மே 5-ல். ஜூலையில் தொடங்கினால் பணம் அடுத்த ஜூலையில்தான் வரும்; கலைக் கல்லூரிக் கட்டணம் அதற்கு முன்பே கட்ட வேண்டியிருக்கும். மே தப்பிவிட்டது என்றால், அடுத்த மே வரை எத்தனை மாதம் இருக்கிறதோ அத்தனை மாதத்துக்கே ஆர்டி போடுங்கள். ஆறு மாதத்துக்கும் குறைவாக இருந்தால் ஆர்டியே வேண்டாம். வேறு வங்கியில், ஏடிஎம் கார்டு வாங்காத ஒரு சேமிப்புக் கணக்கு போதும்.

4. எங்கே போடுவது

வங்கி ஆர்டி: வருடா வருடம் கொடுக்க இதுதான் பொருத்தம். ஆறரை சதவீத வட்டி கிடைத்தால், மாதம் 2,000 கட்டியதற்குப் பன்னிரண்டு மாதத்தில் சுமார் 24,850 வரும். வட்டிக்காக வங்கி வங்கியாக அலைய வேண்டாம். கால் சதவீத வித்தியாசம் இந்தத் தொகைக்கு முப்பது முப்பத்தைந்து ரூபாய்தான்.

2,000 ரூபாயை ஒரே ஆர்டியாகப் போடாமல் 1,000, 500, 500 என்று மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். நடுவில் அவசரம் வந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம். முன்கூட்டி முடித்தால் வங்கிகள் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைக்கும். அந்த நஷ்டம் சிறிது, முழுத் தொகையும் கையில் வந்து கரைந்துபோவதுதான் பெரிது.

அஞ்சலக ஆர்டி: இது ஐந்து வருடம், 60 தவணை. குறைந்தது மாதம் 100 ரூபாய், பிறகு பத்தின் மடங்குகள். வட்டி காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கப்படும். 2023 அக்டோபரில் 6.7 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அந்த விகிதத்தில் மாதம் 1,000 கட்டினால் ஐந்து வருட முடிவில் ஏறத்தாழ 71,366 ரூபாய். மூன்று வருடத்துக்கு முன் முடிக்க முடியாது, அதற்குப் பிறகு முடித்தாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும். அடுத்த வருடம் கொடுக்க நினைப்பவருக்கு இது ஒத்துவராது. ஆனால் உங்களுக்குத் தெரிந்த பிள்ளை இப்போது ஏழாம் வகுப்பு முடித்திருந்தால் இதைவிடக் கச்சிதமான திட்டம் இல்லை. இந்த மே மாதம் தொடங்கினால், அவன் ப்ளஸ் டூ முடிக்கும் மே மாதம் முதிரும்.

அன்றாட வருமானக்காரர்கள் அஞ்சலக முகவரிடம் கட்டலாம். வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வார்கள். முகவரின் அட்டையில் கையெழுத்து இருப்பதோடு விடாதீர்கள். பாஸ்புக்கில் அந்த மாதப் பதிவு ஏறியிருக்கிறதா என்று மாதாமாதம் பார்க்க வேண்டும். வாங்கிய பணம் அஞ்சலகத்துக்குப் போகாத கதைகள் எல்லா ஊரிலும் உண்டு, ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

சீட்டு: வேண்டாம். ஏலச் சீட்டில் எந்த மாதம் எவ்வளவு கிடைக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. அவசரத்துக்கு எடுத்தால் ஒரு பகுதியைத் தள்ளுபடியாக விட்டுக்கொடுக்க வேண்டும், பதிவு செய்த நிறுவனமானாலும் நடத்துபவரின் கமிஷன் உண்டு. பதிவில்லாத சீட்டு சட்டப்படியே குற்றம்; ஓடிப்போனால் புகார் கொடுப்பதும் சிரமம். தீபாவளிச் சீட்டு அக்டோபரில் முடிகிறது. ஜூன் வரை அந்தப் பணம் வீட்டில் தங்கும் என்று நம்புகிறீர்களா?

5. கணக்கு தொடங்குதல்

நெட் பேங்கிங் இருந்தால் ஐந்து நிமிட வேலை, தனியாக ஆவணம் எதுவும் கேட்பதில்லை. கிளைக்குப் போனால் ஆதார், பான், பாஸ்புக், இரண்டு போட்டோ. அஞ்சலகத்தில் கணக்கு தொடங்கும் படிவத்தோடு கேஒய்சி (அடையாள, முகவரி விவரம்) படிவமும் நிரப்ப வேண்டும். அங்கே ஒரு சேமிப்புக் கணக்கையும் (குறைந்தபட்ச இருப்பு 500) சேர்த்தே தொடங்குங்கள். 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட முதிர்வுத் தொகையை ரொக்கமாகத் தரமாட்டார்கள், கணக்கில்தான் வரவு வைப்பார்கள். முதிர்வு நாளில் போய் நின்றுகொண்டு சேமிப்புக் கணக்கு தொடங்கினால் ஒரு வாரம் போய்விடும்.

தானாகப் பிடிக்கும் தேதியைச் சம்பளத் தேதியிலிருந்து மூன்று நான்கு நாள் தள்ளி வையுங்கள். 1-ம் தேதி சம்பளம் என்றால் 5-ம் தேதி. சம்பளம் ஞாயிறு, விடுமுறையில் மாட்டித் தள்ளிப்போனாலும் தவணை தப்பாது. அஞ்சலகத்தில் விதி வேறு. மாதத்தின் 15-ம் தேதிக்குள் தொடங்கிய கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் 15-க்குள்ளும், அதன்பின் தொடங்கியதற்கு மாதக் கடைசி வேலை நாளுக்குள்ளும் கட்ட வேண்டும்.

நாமினி பெயர் எழுதும்போது, பணம் எதற்கென்று அவரிடம் சொல்லிவையுங்கள். வீட்டில் யாருக்கும் தெரியாத கொடைக் கணக்கு, உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் வெறும் சேமிப்பாக முடியும். கணவனோ மனைவியோ சம்மதிக்காமல் தொடங்கினாலும் நீடிக்காது. அந்தப் பேச்சைப் பணம் முதிரும் மே மாதத்துக்கு ஒத்திப்போடாதீர்கள்.

6. நடுவில் ஒழுகும் இடங்கள்

தவணை தப்பினால் அஞ்சலகத்தில் மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். நான்கு தவணை தப்பினால் கணக்கு நின்றுவிடும். அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டி உயிர்ப்பிக்கலாம். பிறகு முடியாது. மாறாக, போனஸ் வந்த மாதத்தில் முன்கூட்டிக் கட்டினால் தள்ளுபடி உண்டு. பன்னிரண்டு தவணை சேர்த்துக் கட்டினால் நூறு ரூபாய்த் தவணைக்கு 40 ரூபாய், ஆறு தவணைக்கு 10 ரூபாய். கவுண்டரில் தாமாகச் சொல்லமாட்டார்கள், கேட்டால் கொடுப்பார்கள்.

பெரிய ஒழுகல் அபராதத்தால் வருவதில்லை. டிசம்பரில் வேறொருவர் வேறொரு கஷ்டத்தோடு வருவார், அதுவும் உண்மையான கஷ்டமாக இருக்கும். "சேர்த்து வைத்திருக்கிறோமே" என்று கை போகும். அந்த நேரத்துக்கென்று மாதம் 200, 300 ரூபாய் சில்லறை உதவிக்குத் தனியே ஒதுக்கி, அது தீர்ந்தால் "இந்த மாசம் அவ்வளவுதான் முடியும்" என்று சொல்லப் பழகுங்கள். எதற்காக இல்லை என்கிறோம் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அப்படிச் சொல்வது கடினமாக இருக்காது.

யாருக்குச் சேர்க்கிறீர்களோ அவர்களிடம் ஜனவரிக்கு முன் தொகை சொல்ல வேண்டாம். "கட்டணத்துக்கு ஒரு பகுதி பார்த்துக்கொள்கிறேன்" என்பது போதும். தொகை தெரிந்தால் அதை நம்பி வேறு கடன் வாங்கிவிடுகிறார்கள்.

7. ஏப்ரலில் செய்ய வேண்டியது

அரசு தருவதை முதலில் வாங்கவைத்து, உங்கள் பணத்தை அது எட்டாத இடத்தில் போடுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் இவற்றில் சேர்த்திருக்கிறார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கலந்தாய்வு வழியாகச் சேரும் தொழிற்படிப்புக்குக் கல்விக் கட்டணச் சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அந்தச் சலுகை கிடையாது. தெரியாமல் கையெழுத்துப் போட்டு இழப்பவர்கள் நிறைய.

இவற்றுக்கு வேண்டியவை: சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். ரிசல்ட் வந்தபின் ஊரே அங்கே நிற்கும், விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று கோப்பு நகர நாளாகும். ஏப்ரலிலேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து மாணவரின் வங்கிக் கணக்கு. பள்ளி உதவித்தொகைக்காக ஆறாம் வகுப்பில் தொடங்கியதாக இருக்கும். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாமல் கிடந்தால் செயலிழந்த கணக்காகியிருக்கும். 18 வயது முடிந்திருந்தால் மைனர் கணக்கை மாற்றி, புதுக் கையெழுத்தும் கேஒய்சியும் கொடுக்க வேண்டும். ஆதார், பான் இருந்தால் அந்த பான் கார்டும், ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு நேரில் போகச் சொல்லுங்கள். ஆதார் இணைப்பையும் அதே நாளில் பார்த்துவிட்டால், பிறகு வரும் உதவித்தொகை திரும்பிப் போகாது.

8. கட்டணம் கட்டும் நாள்

குடும்பத்தின் கையில் ரொக்கமாகக் கொடுப்பதைவிடக் கல்லூரிக் கணக்குக்கே அனுப்புவது நல்லது. சந்தேகத்தால் சொல்லவில்லை. வீட்டில் 25,000 இரண்டு நாள் இருந்தால் அதற்குக் காத்திருக்கும் பாக்கிகள் ஏராளம்.

கேட்டு வாங்க வேண்டியவை மூன்று: சேர்க்கைக் கடிதம், தலைப்புவாரியாகப் பிரித்த கட்டண விவரம், கல்லூரியின் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும். கட்டண விவரத்தில் இல்லாத தொகையை, ரசீது இல்லாமல், "டொனேஷன்" என்று கேட்டால் கட்டாதீர்கள். கட்டாய நன்கொடை வசூலிப்பதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது. இடைத்தரகரின் யூபிஐக்கு அனுப்பவே கூடாது.

நெட் பேங்கிங்கில் புதிதாகச் சேர்த்த பயனாளிக்குப் பல வங்கிகளில் முதல் நாள் சிறு தொகைதான் போகும். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே கணக்கைச் சேர்த்து, ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். குறிப்பு எழுதும் இடத்தில் உங்கள் பெயர் வேண்டாம். மாணவரின் விண்ணப்ப எண்ணை எழுதுங்கள். கல்லூரி கணக்குப் பிரிவு அதை வைத்துத்தான் வரவு வைக்கும். எண் இல்லாத வரவு "யாருடையதோ" என்று கிடக்கும், மாணவர் கவுண்டரில் நிற்பார்.

டிடி (வரைவோலை) கேட்கும் கல்லூரிகள் இன்னும் உண்டு. எந்தப் பெயரில், எந்த ஊரில் மாற்றத்தக்கது என்பதை எழுத்துப் பிசகாமல் எழுதி வாங்குங்கள். முதல்வர் பெயரிலா கல்லூரி பெயரிலா என்ற ஒரு பிழைக்கே திருப்பி அனுப்புவார்கள். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கம் கொடுத்து டிடி எடுக்க முடியாது, கணக்கிலிருந்துதான் போக வேண்டும். செல்லுபடி மூன்று மாதம். பின்பக்கம் மாணவர் பெயர், விண்ணப்ப எண், கைப்பேசி எண் எழுதி, இரு பக்கமும் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் தெரியாமல் கொடுக்க நினைப்பவர்கள் கவனிக்க: 2018 செப்டம்பர் முதல் டிடி எடுத்தவரின் பெயர் டிடியின் முகப்பிலேயே அச்சாகிறது. கல்லூரி அலுவலகத்தில் அதைப் பார்த்துவிட்டு, "இவர் யாருப்பா உனக்கு?" என்று வரிசையில் வைத்துக் கேட்பார்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது சங்கடம். மாணவரின் கணக்குக்கோ பெற்றோரின் கணக்குக்கோ பணத்தை அனுப்பி, அன்றைக்கே அவர்கள் பெயரில் டிடி எடுக்கவைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

ரசீதின் நகல் ஒன்று போதும். மதிப்பெண் கேட்பது, நன்றிக் கடிதம் கேட்பது, காசோலையைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுப்பது எல்லாம் வேண்டாம்.

9. கல்லூரி மாறினால்

ஜூனில் பிஎஸ்சி சேர்ந்து, ஆகஸ்டில் பொறியியலிலோ துணை மருத்துவப் படிப்பிலோ இடம் கிடைத்து மாறுவது இங்கே சாதாரணம். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி, அறிவித்த சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பு வரை விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும் (செயலாக்கச் செலவுக்குச் சிறு பிடித்தம் உண்டு). அதற்குப் பிறகு, கடைசி நாள் வரை 90 சதவீதம், கடைசி நாள் தாண்டிய 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50. அதைக் கடந்தால் ஒன்றுமில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கவும் கூடாது. விலகும் கடிதத்தைத் தேதியுடன் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லுக்குத் தேதி கிடையாது. திரும்பும் பணம் யார் கணக்குக்கு வரும் என்பதையும் அப்போதே கேளுங்கள்.

10. வரி

தனிமனிதருக்குக் கொடுப்பதற்கு உங்களுக்கு வரிவிலக்கு ஏதும் இல்லை. 80ஜி என்று சொல்லப்படும் கழிவு பதிவு பெற்ற அறக்கட்டளைகளுக்குக் கொடுத்தால்தான், அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். ரொக்கமாக 2,000க்கு மேல் கொடுத்தால் அதற்குக் கழிவு கிடையாது.

வாங்குபவர் பக்கம்: உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000க்கு மேல் பெற்றால் முழுத் தொகையும் அவர் வருமானமாகும். 18 வயது முடிந்த மாணவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் அடிப்படை விலக்கு வரம்புக்குள் அடங்கிவிடும், கவலை வேண்டாம். இதில் ஒரு வேடிக்கை. மாமா, சித்தப்பா, அத்தை கொடுத்தால் உறவினர் கணக்கு, வரம்பே கிடையாது. அதே மருமகன் நாளை சம்பாதித்து மாமாவுக்குத் திருப்பிக் கொடுத்தால், சட்டத்தின் பட்டியலில் அவன் உறவினன் அல்ல.

ஆர்டி வட்டி உங்கள் வருமானத்தில் சேரும். ஒரு வங்கியில் வருட வட்டி 50,000 தாண்டாதவரை டிடிஎஸ் (வங்கியே முன்கூட்டிக் கழிக்கும் வரி) பிடிப்பதில்லை, ஆனாலும் கணக்கு தாக்கலில் காட்ட வேண்டும்.

11. முதிர்ந்த அன்றே அடுத்தது

பணம் சேமிப்புக் கணக்கில் வந்து விழுந்த அதே நாளில், இரண்டாம் வருடத்துக்கான ஆர்டியைத் தொடங்குங்கள். ஒரு வாரம் தள்ளினால் ஒரு மாதமாகும், அடுத்த வருடம் தேதி தப்பும். கல்லூரிகள் இரண்டாம் வருடக் கட்டணத்தை முதல் வருடத்தைவிடச் சற்று ஏற்றிக் கேட்பது உண்டு, சேர்க்கைக் கட்டணம் போன்ற ஒருமுறைத் தொகைகள் இருக்காது. முதல் வருட ரசீதை எடுத்து, திரும்ப வராத தலைப்புகளை அடித்துவிட்டு, பத்து சதவீதம் சேர்த்துப் பன்னிரண்டால் வகுத்தால் புதுத் தவணை கிடைக்கும். கட்டியதுபோக ஆயிரமோ இரண்டாயிரமோ மிஞ்சினால் சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கட்டும். நவம்பரில் பருவத் தேர்வுக் கட்டணம் கேட்பார்கள்.